2009ஆம் வருஷத்து குரூப் போட்டோ

எங்க பெட்ச்சுக்கு குரூப் போட்டோ கிடையாது. பள்ளிக்கூடத்துக்குப் போனா அதிபர் காரியாலயத்துக்கு வெளியில வரிசையா போட்டோ மாட்டியிருக்கும். ஒவ்வொரு வருஷமும் ஏ.எல். எழுதினவங்க, நடுவுல அதிபர், ரெண்டு பக்கமும் சேர்மாரும் டீச்சர்மாரும். 2007 இருக்கு. 2008 இருக்கு. அடுத்தது 2010. பழைய மாணவர் கூட்டம் ஒன்றுக்குப் போயிருந்தப்ப ஒரு சின்னப் பையன் வந்து, "நீங்க எந்த போட்டோவுல இருக்கீங்க?" என்று கேட்டான். நாங்க ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பார்த்துக்கொண்டோம். போட்டோக்காரர் வரல என்று சொல்லி அனுப்பிவிட்டோம். பொய் இல்லைதான்.

நாங்க என்றால் ஆறு பேர். நாலு பொண்ணுங்க, ரெண்டு பையன்கள். பெல்மதுளைக்கும் காவத்தைக்கும் இடையில் இருக்கும் தோட்டங்களில் இருந்து ஒரே பஸ்ஸில் இரத்தினபுரிக்குப் போய்ப் படித்தவர்கள். வகுப்பில் மொத்தம் பத்தொன்பது பேர், கலைப்பிரிவு மட்டும்தான். எங்களில் ஒருத்தனுக்கு விஞ்ஞானம் படிக்க ஆசை. தமிழில் அதைப் படிக்க வேண்டுமென்றால் வெளி மாவட்டத்துக்குப் போய், தங்கிப் படிக்க வேண்டும். அதற்கு வீட்டில் வழி இல்லை. அதனால் அவனும் எங்களோடு அரசறிவியல் வகுப்பில் வந்து உட்கார்ந்தான்.

மலையகம் என்றதும் நிறையப் பேருக்கு நுவரெலியாவும் ஹட்டனும்தான் கண்ணுக்கு வரும். மலை மலையாகத் தேயிலை, எந்தப் பக்கம் போனாலும் தமிழ்ச் சத்தம். சப்ரகமுவ அப்படி இல்லை. இங்கே ஒரு தோட்டம், அதைச் சுற்றி சிங்களக் கிராமம், கொஞ்சம் ரப்பர், வயலுக்கு நடுவில் மாணிக்கக் குழி, மறுபடியும் கிராமம், பிறகுதான் அடுத்த தோட்டம். லயத்தை விட்டு இறங்கி ரோட்டுக்கு வந்தால் பாஷையை மாற்றிக்கொள்ள வேண்டும். சின்ன வயசிலேயே பழகிவிடும். 2008க்குப் பிறகு பாஷையை மட்டும் மாற்றினால் போதவில்லை, சத்தத்தையும் குறைக்க வேண்டியிருந்தது.

2008 ஜனவரி 16ஆம் திகதி போர் நிறுத்த ஒப்பந்தம் முறைப்படி முடிந்தது. அன்றைக்கே புத்தளைப் பக்கம் பஸ்ஸில் குண்டு வெடித்து இருபதுக்கும் மேற்பட்ட சிங்கள ஜனங்கள் செத்துப்போனார்கள். அதற்குப் பிறகு பஸ்ஸில் ஏறினால் எல்லாரும் எங்க பையைப் பார்ப்பார்கள். அவர்களைக் குறை சொல்ல எங்களால் முடியவில்லை. அவர்கள் பிள்ளைகளும் அதே பஸ்ஸில்தான் போனார்கள். அடுத்த சீட்டில் யாராவது பையை வைத்துவிட்டு இறங்கினால் எங்களுக்கும்தான் நெஞ்சு அடித்துக்கொள்ளும்.

பள்ளிக்கூட வாசலில் பையைச் சோதிக்கப் பெற்றோரை முறை வைத்துப் போட்டார்கள். நல்ல யோசனைதான், ஆனால் எங்க அம்மாமார் காலையில் பெரட்டுக்குப் போகாவிட்டால் அன்றைக்குப் பேர் இல்லை. வாசலில் நின்று வேறு பிள்ளைகளின் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து பார்ப்பதற்காக ஒரு நாள் சம்பளத்தை விட்டார்கள். கொழும்பில் கடையில் நின்ற அண்ணன்மார் ஒவ்வொருத்தராகத் திரும்பி வந்திருந்தார்கள். 2007 ஜூனில் லொட்ஜுகளில் தங்கியிருந்த தமிழரை பஸ்ஸில் ஏற்றி வெளியேற்றினார்களே, அதிலிருந்து கொழும்பு என்றாலே வீட்டில் பயம். தோட்டத்தில் அவர்களுக்கு வேலை இல்லை. லயத்து இஸ்தோப்பில் உட்கார்ந்து நாங்க படிப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். "படிச்சு எங்க போகப் போறீங்க?" என்று கேலியாகக் கேட்பார்கள். சில நேரம் அது கேலி மாதிரியும் இருக்காது.

சண்டை வடக்கில்தானே, உங்களுக்கு என்ன என்று இப்போதும் சில பேர் கேட்கிறார்கள். அதற்கு எங்க அப்பாயி, அம்மாயி காலத்துக் கதைக்குப் போகணும்.

1977 ஆகஸ்ட், 1981 ஆகஸ்ட், 1983 ஜூலை. மூன்று தடவையும் இரத்தினபுரி மாவட்டத் தோட்டங்களில் லயம் எரிந்தது. இந்தியாவுக்குப் போக முடிந்தவர்கள் போனார்கள். வேறு பல குடும்பங்கள், தமிழன் இருக்கிற இடத்தில் இருந்தால் இனி அடி விழாது என்று நம்பி வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போனார்கள். காந்தியம் அமைப்பு வவுனியாப் பக்கம் குடியமர்த்தியது இப்படிப் போனவர்களைத்தான். எங்களில் ஒருத்தியுடைய அம்மாயியின் தங்கச்சி 81இல் அப்படிப் போனவர். தருமபுரத்தில் காடு வெட்டி, கொட்டில் போட்டு, கச்சான் நட்டு, பிள்ளைகளைக் கட்டிக்கொடுத்து அங்கேயே நிலைத்துவிட்டார். அடி விழாத இடம் என்று தேடிப்போன இடத்தின் பெயரைத்தான் 2009 ஜனவரியில் டிவியில் சொன்னார்கள். பிடிபட்ட ஊர்களின் வரிசையில்.

அந்த சின்ன அம்மாயிக்கு எங்க வயசில் ஒரு பேத்தி. ஏ9 பாதை திறந்திருந்த காலத்தில், 2005 சித்திரை வருஷப் பிறப்புக்கு அவர்கள் இங்கே வந்திருந்தார்கள். அவளுக்கு எங்க ஓடையைப் பிடித்துப்போனது. மழையைப் பிடிக்கவில்லை. இரத்தினபுரி மழை தெரியும்தானே, வந்த பத்து நாளும் விடவில்லை. "உங்கட ஊரில உடுப்பு எப்பதான் காயும்?" என்று கேட்டாள். அவள் பேச்சு எங்களுக்குச் சிரிப்பு, எங்க பேச்சு அவளுக்குச் சிரிப்பு. போகிற அன்றைக்கு எங்க கூட்டாளியுடைய ஆட்டோகிராப் புத்தகத்தில் ஒரு பக்கம் எழுதினாள். கீழே தருமபுரத்து விலாசம். ஓ.எல். முடிந்ததும் கட்டாயம் வரணும், பாஸ் எடுத்து வரலாம் என்று. அடுத்த வருஷம் ஆகஸ்ட்டில் ஏ9ஐ மூடிவிட்டார்கள்.

ஏ.எல். கடைசி வருஷம் என்றால் ஆட்டோகிராப்தானே. வகுப்பில் பாதி நேரம் அது மேசைக்கு அடியில் சுற்றிக்கொண்டே இருக்கும். எங்க கூட்டாளி புதுசு வாங்கக் காசில்லாமல் பழைய புத்தகத்தையே தொடர்ந்தாள். 2009 ஜனவரி 2ஆம் திகதி கிளிநொச்சி பிடிபட்டது. அன்றைக்கு நாங்க டவுனில் ரியூஷனில் இருந்தோம். வெடிச் சத்தம் கேட்டு முதலில் எல்லாரும் மேசைக்குக் கீழே குனிந்தோம். பிறகுதான் சீனவெடி என்று தெரிந்தது. ஜன்னலைச் சாத்திவிட்டு சேர் பாடத்தைத் தொடர்ந்தார். முடிந்ததும் எங்களை மட்டும் நிறுத்திவைத்து, "யாராச்சும் வடக்கு விலாசம், போன் நம்பர், போட்டோ எதுவும் பையில வெச்சிருந்தா எடுத்துருங்க. இன்னைக்கே" என்றார். அன்று இரவு அவள் அந்தப் பக்கத்தைக் கிழித்து அடுப்பில் போட்டாள். அம்மாயிக்குத் தெரியாமல். எங்களுக்கும் அடுத்த நாள் பஸ்ஸில்தான் சொன்னாள். நாங்க எல்லாரும் நல்ல காரியம் என்றோம்.

அந்த சேரைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். அரசறிவியலில் சோல்பரி யாப்பு வரும். அதில் 29ஆம் பிரிவு, சிறுபான்மையினருக்குக் காப்பீடு. 1948 குடியுரிமைச் சட்டம் வந்து எங்க ஆட்களை நாடற்றவர்களாக்கியபோது அந்தப் பிரிவு காப்பாற்றவில்லை. கொடக்கன்பிள்ளை வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய் 1953இல் தோற்றது. எங்க தாத்தாமாருக்கு ஏன் வோட்டு இல்லாமல் இருந்தது என்று நாங்க தெரிந்துகொண்டது வீட்டில் இல்லை, இந்தப் பாடத்தில்தான். சேர் குரலைத் தாழ்த்தி, கரும்பலகைப் பக்கம் திரும்பி நின்றுகொண்டே சொல்லுவார். "இது பாடம். பரீட்சைக்கு எழுதலாம். பஸ்ல சத்தமாப் படிக்காதீங்க" என்பார்.

மார்ச் மாதம் ஒரு நாள் சந்தியில் இருந்த சாவடியில் எல்லாரையும் இறக்கினார்கள். எங்க ஐடென்டியில் எல்லாமே சிங்களத்தில்தான் இருக்கும், அப்போது வடக்கு கிழக்குக்கு வெளியில் அப்படித்தான் கொடுத்தார்கள். ஆனால் பெயரைச் சிங்களத்தில் எழுதினாலும் அது தமிழ்ப் பெயர்தானே. பையைக் கொட்டச் சொன்னார்கள். ஆட்டோகிராப் புத்தகம் விழுந்தது. எங்களைவிட ரெண்டு மூணு வயசுதான் கூட இருக்கும் அந்த ஆமிக்காரருக்கு. பூவும் ஸ்டிக்கரும் ஒட்டியிருந்த பக்கங்களைப் புரட்டினார். ஓர் இடத்தில் ஒரு பக்கம் கிழிந்த அடையாளம். விரலை அதில் வைத்து, "இது என்ன?" என்று சிங்களத்தில் கேட்டார்.

எங்களில் யாருக்கும் வாய் வரவில்லை. பிறகு புத்தகத்துக்குச் சொந்தக்காரி சொன்னாள், "லவ் லெட்டர் மாதிரி எழுதிட்டாங்க, அம்மா பார்த்தா அடிப்பாங்கன்னு கிழிச்சேன்." எங்களில் நல்லாச் சிங்களம் பேசக்கூடியவள் அவள்தான். ஆமிக்காரர் அடுத்த பக்கத்தைத் திறந்து, "இதில் என்ன எழுதியிருக்கு? வாசி" என்றார். அது எங்களில் ஒருத்தன் எழுதின அறுவை. 'பெரட்டுக்களத்தில் கணக்கப்பிள்ளை பேர் போடுவார், உன் மனசில் நீ என் பேரைப் போடு, அரைப்பேர் போட்டாலும் பரவாயில்லை.' அதை அவள் நடுரோட்டில் நின்று வரிவரியாகச் சிங்களத்தில் சொன்னாள். அரைப்பேருக்குச் சிங்களத்தில் என்ன சொல்வது என்று தெரியாமல், "அரை நாள் சம்பளம்" என்றாள். ஆமிக்காரர் சிரித்துவிட்டார். எழுதினது யார் என்று கேட்டார். அவன் கையைத் தூக்கினான், வகுப்பில் தூக்குகிற மாதிரி. இன்னும் சிரிப்பு. போகச் சொல்லிவிட்டார்கள்.

பஸ்ஸில் ஏறினதும் நாங்களும் சிரித்தோம். ரொம்ப நேரம், கண்ணில் தண்ணி வரச் சிரித்தோம். அவள் மட்டும் சிரிக்கவில்லை. அந்தக் கிழிந்த இடத்தை நகத்தால் நீவிக்கொண்டே வந்தாள். இன்றைக்கும் நாங்க சந்தித்தால் அந்த அறுவைக் கவிதையைச் சொல்லி அவனைக் கிண்டல் பண்ணுகிறோம். அவன் இப்போது ஓர் ஆசிரியர், மூணு பிள்ளைகளின் அப்பா.

அந்த பஸ்ஸின் கொண்டக்டர் மாமா சிங்களவர், எங்க தோட்டத்துக்குக் கீழே உள்ள கிராமம். சாவடியில் நிறுத்தினால் பெரும்பாலும் அவர் முந்திக்கொண்டு, "அபே வத்தே ளமய்" என்பார், நம்ம தோட்டத்துப் பிள்ளைகள் என்று. அதோடு விட்டுவிடுவார்கள். மார்ச் மாதம் எங்களை இறக்கினபோது அவர் அப்படிச் சொல்லவில்லை. ஏனென்றால் பெப்ரவரியில் அவருடைய மகன் வன்னியில் செத்துப்போயிருந்தான். சீல் வைத்த பெட்டி. ரோட்டு முழுக்க வெள்ளைக் கொடி. அந்த வருஷம் எங்க பகுதியில் வெள்ளைக் கொடி இல்லாத வாரமே இல்லை என்று சொல்லலாம். ஏழைக் கிராமங்கள், ஆமியில் சேர்ந்தால் மாசச் சம்பளம். நாங்க ஆறு பேரும் யூனிபோர்மோடு செத்த வீட்டுக்குப் போனோம். போகலாமா கூடாதா என்று லயத்தில் பெரிய வாக்குவாதம். அங்கே அவருடைய மனைவி எங்களில் ஒருத்தி கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. எங்களுக்கு என்ன சொல்வது என்று தெரியவில்லை. பிளேன்டீ தந்தார்கள், குடித்துவிட்டு வந்தோம். அன்றைக்கு இரவு அம்மாயி ரேடியோவைக் காதில் ஒட்டவைத்து பிபிசி தமிழோசை கேட்டுக்கொண்டிருந்தார், தங்கச்சி இருக்கும் இடத்தின் பெயர் வருமா என்று. கொண்டக்டர் மாமா ஏப்ரல் கடைசியில்தான் மறுபடியும் "அபே ளமய்" என்று சொல்ல ஆரம்பித்தார். 'வத்தே' இல்லாமல்.

குரூப் போட்டோவுக்கு மே 19, செவ்வாய்க்கிழமை என்று முடிவாகியிருந்தது. டவுனில் இருந்து போட்டோக்காரர் வருவதாகச் சொல்லியிருந்தார். பொண்ணுங்க எல்லாரும் ஒரே மாதிரி ரிபன் வாங்கி வைத்திருந்தோம். முந்தின நாள் திங்கட்கிழமை பகல், பிரபாகரன் கொல்லப்பட்டதாக டிவியில் வந்துவிட்டது. சந்திக்குச் சந்தி வெடி, சிங்கக் கொடி. வெசாக் முடிந்து பத்து நாள்தான் ஆகியிருந்தது, நனைந்து கிழிந்த கூடுகள் சில இன்னும் தொங்கிக்கொண்டிருந்தன.

செவ்வாய்க்கிழமை போக வேண்டாம் என்றுதான் வீட்டில் சொன்னார்கள். போகாவிட்டால் ஏன் வரல என்று கேட்பார்களே என்று நாங்க போனோம். உண்மையைச் சொன்னால் போட்டோ ஆசையும்தான். பெல்மதுளை வருவதற்கு முன்னாலேயே ஒரு சந்தியில் பஸ் நின்றுவிட்டது. ரபான் அடிக்கிறார்கள், ஆடுகிறார்கள். தட்டில் வாழையிலை விரித்துக் கிரிபத், பக்கத்தில் லுணு மிரிஸ், பஸ்ஸுக்குள் ஏறி ஒவ்வொருத்தருக்கும் கொடுத்துக்கொண்டு வந்தார்கள். கொடுத்த அம்மா நல்ல மாதிரிதான், "கண்ட புத்தே" என்றார், சாப்பிடு மகனே என்று. காலையில் நாங்க யாரும் சாப்பிடவில்லை. சாப்பிட்டோம். ருசியாக இருந்தது. இதை எழுதலாமா வேண்டாமா என்று எங்களுக்குள் நிறைய நாள் பேசியிருக்கிறோம். பயத்தில் சாப்பிட்டோம் என்று எழுதினால் வாசிக்கிறவர்களுக்குச் சரியாக இருக்கும். பயமும் இருந்தது. பசியும் இருந்தது. இனி சாவடி இருக்காது, அண்ணன்மார் கொழும்புக்குப் போகலாம், பரீட்சைக்கு நிம்மதியாகப் போய் வரலாம் என்று ஒரு சந்தோஷமும் இருந்தது. அந்தச் சந்தோஷத்தை எங்கே வைப்பது என்றுதான் தெரியவில்லை. ஆட்டோகிராப்காரி மட்டும் சாப்பிடவில்லை. கொப்பித் தாளைக் கிழித்துச் சுற்றி பைக்குள் வைத்தாள். ரெண்டு நாள் கழித்துப் பையைத் திறந்தபோது எறும்பு.

பள்ளிக்கூடத்துக்கு அன்றைக்கு எங்க வகுப்பில் வந்தது எட்டுப் பேர். போட்டோக்காரர் ஊர்வலத்தைப் படம் பிடிக்கப் போய்விட்டாராம். அதிபர் அடுத்த கிழமை எடுக்கலாம் என்றார். வீட்டுக்கு வந்தால், ஜனாதிபதி பாராளுமன்றத்தில் கொஞ்சம் தமிழில் பேசுவதை டிவியில் மறுபடி மறுபடி காட்டிக்கொண்டிருந்தார்கள். அம்மாயி டிவியையே பார்த்துக்கொண்டிருந்தார். "தமிழ்லதான் பேசுறாரு" என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை.

ரொம்பக் காலம் கழித்து, 2022 மே 18ஆம் திகதி காலிமுகத்திடல் போராட்டக் களத்தில் முள்ளிவாய்க்கால் கஞ்சி கொடுத்தபோது எங்களில் ஒருத்தன் அங்கே இருந்தான். சிங்களப் பிள்ளைகளும் வரிசையில் நின்று வாங்கிக் குடித்தார்களாம். எங்களுக்கு போன் போட்டான், ஆனால் பேசவில்லை. சத்தத்தை மட்டும் கேட்க வைத்துவிட்டு வைத்துவிட்டான்.

ஜூன் கடைசியில் ஒரு கடிதம் வந்தது. வவுனியாவில் இருந்த உறவுக்காரர் முகாம் கம்பிக்கு வெளியில் நின்று வாங்கி அனுப்பியது. மெனிக் பாம். சின்ன அம்மாயி வரவில்லை, மாத்தளனில் விட்டுவிட்டு வந்தோம் என்று ஒரு வரி. தம்பியைப் பற்றித் தெரியவில்லை என்று ஒரு வரி. அதற்குக் கீழே, முகாமுக்குள் பரீட்சை வைக்கப் போகிறார்களாம், தானும் எழுதப் போவதாகவும், புத்தகம் கொப்பி ஒன்றும் இல்லை, அரசறிவியல் நோட்ஸ் அனுப்ப முடியுமா என்றும் கேட்டிருந்தாள். அம்மாயி தங்கச்சிக்காக மூணு நாள் அழுதார். நாங்க நோட்ஸ் எழுதினோம்.

போட்டோக்கொப்பி எடுத்திருக்கலாம். ஆனால் இருநூறு பக்கத்துக்கு அப்போது எங்களிடம் காசில்லை. ஆறு பேரும் பாடத்தைப் பிரித்துக்கொண்டு கையால் எழுதினோம். பரீட்சைக்கு ஆறு கிழமைதான் இருந்தது, சொந்தப் படிப்பை விட்டுவிட்டு இது எதற்கு என்று வீட்டில் திட்டு. ஆனால் அந்த நோட்ஸை எழுதினதால்தான் எங்களுக்கே பாடம் மண்டையில் ஏறியது என்று பிறகு தெரிந்தது. 29ஆம் பிரிவை யார் எழுதுவது என்று சின்னச் சண்டை. கடைசியில் விஞ்ஞானம் படிக்க ஆசைப்பட்டவன் எழுதினான், அவனுக்குத்தான் அழகான எழுத்து. சேர் பார்த்து ரெண்டு இடத்தில் திருத்தினார். முகாம் வாசலில் இதைப் பிரித்துப் பார்த்தால் என்ன ஆகும் என்று கேட்டோம். "அரசாங்கப் பாடத்திட்டம்தானே" என்றார். அந்த வருஷத்தில் அவர் சத்தமாகச் சொன்ன ஒரே வசனம் அதுதான்.

ஆகஸ்ட்டில் பரீட்சை. நாங்க இரத்தினபுரியில், அவள் முகாமுக்குள். அதே நாள், அதே கேள்வித்தாள். முதல் நாள் கேள்வித்தாளைத் திருப்பினபோது எங்களில் ரெண்டு மூணு பேருக்கு ஒரே நேரத்தில் அவள் நினைவு வந்ததாம். வெளியில் வந்துதான் சொல்லிக்கொண்டோம். நோட்ஸ் போய்ச் சேர்ந்ததா இல்லையா என்று அப்போது தெரியாது. பரீட்சை முடிந்த அடுத்த மாதம் தோட்டத்தில் சம்பளப் போராட்டம். 500 ரூபாய் கேட்டு, கடைசியில் எல்லாம் சேர்த்து 405 என்று ஒப்பந்தம் போட்டார்கள். எங்களில் மூணு பேர் அதற்குள் கொழும்புக்கு வேலைக்குப் போய்விட்டோம். குரூப் போட்டோவை யாரும் ஞாபகப்படுத்தவில்லை.

டிசம்பரில் முகாமை விட்டு வெளியில் போய்வர விட்டார்கள். 2010 தைப்பொங்கலுக்கு நாங்க எல்லாரும் தோட்டத்துக்கு வந்திருந்தப்ப அவளிடமிருந்து போன் வந்தது. லயத்தில் இருந்த சீடிஎம்ஏ போனைச் சுற்றி ஆறு பேரும் உட்கார்ந்தோம். ஸ்பீக்கர் கிடையாது, ஒருத்தர் கேட்டு ஒருத்தருக்குச் சொல்ல வேண்டும். நோட்ஸ் வந்ததாம், கூடாரத்தில் பதினொரு பேர் அதை வைத்துப் படித்தார்களாம். ரெண்டு பாடம் பாஸ். "அந்த வடிவான எழுத்து ஆற்றது?" என்று கேட்டாள். எங்களுடையவன் வெட்கப்பட்டு எழும்பிப் போய்விட்டான். தம்பியைப் பற்றி நாங்க கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. வீட்டில் இருந்த போட்டோ, சாமான், சட்டை ஒன்றுமே இப்போது இல்லை, எல்லாம் வழியில் போய்விட்டது என்றாள். பிறகு கேட்டாள், "அந்த ஆட்டோகிராப் புத்தகத்தில நான் ஒரு பக்கம் எழுதினனான் எல்லே. அது இருக்கா?"

போன் அப்போது யார் கையில் இருந்தது என்பதில் எங்களுக்குள் இன்றைக்கும் ஒத்துப்போகவில்லை. ஆளுக்கு ஒரு பெயர் சொல்கிறோம். இருக்கு என்று சொன்னது மட்டும் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கிறது. அடுத்த தடவை வரும்போது காட்டு என்றாள்.

அவள் இன்னும் வரவில்லை. இந்த வருஷம் வருவதாகச் சொல்லியிருக்கிறாள்.